சிறுகதைக்காரி கேட்கிறேன்: கவிதையை எங்கே நிறுத்துவது?

தார்க்குச்சி, குடியாத்தம்

வணக்கம். 12 வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். 14 கதைகள் அச்சில் வந்திருக்கின்றன, எல்லாம் சிற்றிதழ்களில். பகலில் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. போக வர பஸ்ஸில் கிடைக்கிற நேரம்தான் எழுதும் நேரம். கவிதை எழுதியதே இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. யாராவது கவிதை வாசித்தால் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு டீக்கு எழுந்து போகிற ஆள் நான்.

இப்போது மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் குழித்தறி இருந்தது. நைனா, அதாவது அப்பா, 41 வருடம் லுங்கி நெய்தார். முன்னறைத் தரையைத் தோண்டி இறக்கிய குழி. அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றுவது என் வேலை. நூல் அறுந்தால் ஒரு முறைப்பு, அதற்குமேல் திட்ட மாட்டார். இரண்டு வருடமாக முட்டி வீங்கிக்கொண்டே இருந்தது. இனிமேல் குழியில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வைகாசியில், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரம், தறியை விற்றோம். விறகுக் கடைக்காரரே வண்டியோடு வந்து மரத்தை ஏற்றிக்கொண்டு போனார். 3,200 ரூபாய். நூலை அடித்து நெருக்குகிற அச்சையும் குறுக்கே ஓடுகிற நாடாவையும் மட்டும் நைனா கொடுக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

குழியில் மணலைக் கொட்டி மேலே சிமென்ட் பூசினோம். வீட்டுத் தரை பழைய சிவப்புத் தரை. இந்த இடம் மட்டும் ஒரு சின்னப் பாயை விரித்த மாதிரி சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. நைனா அதன்மேல் கால் வைப்பதில்லை. பானைத் தண்ணீருக்குப் போனாலும் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டுதான் போகிறார். வேண்டுமென்று செய்வதாகத் தெரியவில்லை. குழி இருந்த நாளில் எல்லாரும் அப்படித்தான் போவோம். எங்களுக்கு ஒரே வாரத்தில் மறந்துவிட்டது, அவர் காலுக்கு மறக்கவில்லை.

இதைக் கதையாக எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் எதையாவது நடத்த வேண்டியிருந்தது. அண்ணனை ஊரிலிருந்து வரவழைத்தேன். பணத்துக்குச் சண்டை போட வைத்தேன். ஒரு வடிவத்தில் நைனா ராத்திரி எழுந்து அந்தச் சிமென்ட் மேல் படுத்துக்கொண்டார். எழுதிவிட்டு எனக்கே கூச்சமாகிவிட்டது. உண்மையில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மனிதர் சுற்றிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். கதை இதைத் தாங்காது என்று வாழ்க்கையில் முதல்முறையாக வரி உடைத்து எழுதினேன். ஒரு பத்திரிகைக்கும் அனுப்பினேன். "நல்ல கதைச் சுருக்கம்" என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். அப்புறம் எடுத்துப் படித்தால் ஆசிரியர் சொன்னது சரிதான். இதோ:

நாற்பது ஆண்டுகள் தந்தையின் கால்கள்
இறங்கிக் கிடந்த குழியை
நேற்று சிமென்ட் பூசி மூடினோம்.
காலத்தின் கொடிய கரங்களில்
ஒரு நெசவாளியின் கனவு
மண்ணோடு மண்ணாய்ப் போனது.
இன்று காலை எழுந்த தந்தை
குழி இருந்த இடத்தைச்
சுற்றிக்கொண்டு நடந்தார்.
அவர் மனதில் அந்தக் குழி
இன்னும் மூடப்படவில்லை.

வரியை எந்த இடத்தில் உடைப்பது? ஒரு கணக்கும் இல்லாமல் மூச்சு வாங்கும் இடத்தில் உடைத்திருக்கிறேன். யாப்பு தெரியாதவள் இதில் இறங்கலாமா? முக்கியமாக, அந்தக் கடைசி இரண்டு வரியை எடுத்துவிட்டால் படிக்கிறவர்களுக்குப் புரியுமா? கதையில் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியும். இதில் கை தடவுகிறது.

சத்துவாச்சாரிக்காரன்

கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. உங்கள் பதினொரு வரியையும் ஒரே பத்தியாக ஒட்டிப் படித்துப் பார்த்தேன். ஒன்றுமே குறையவில்லை. நாலு வாக்கியம், நன்றாகவே ஓடுகிறது. அப்படியானால் வரியை உடைத்தது நீங்கள் இல்லை, என்டர் பட்டன்தான். ஒட்டினால் எங்கேயாவது எதையாவது இழக்க வேண்டும், அதுதான் என் சோதனை. நானும் இதில் பல தடவை தோற்றவன்.

நடுவில் இருக்கிற "காலத்தின் கொடிய கரங்கள்" பேச்சுப்போட்டியிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த மூன்று வரியையும் எழுப்பி அனுப்பிவிடுங்கள். மேலே கேள்வியில் "காலுக்கு மறக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் பாதி பலம்கூட இதில் இல்லை.

யாப்பு கீப்பு எனக்குத் தெரியாது. ஆனால் நம்ம வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி இருக்கிறதே: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை. எழுதினவர் யார் என்று யாருக்கும் தெரியாது. முடிக்கிற வினைச்சொல்லே கிடையாது, விளக்கமும் கிடையாது. எங்கள் தாத்தாவிலிருந்து என் பையன் வரைக்கும் மனப்பாடம். இதில் வேடிக்கை என்னவென்றால், சாமி 1981லேயே வந்துவிட்டார். எங்கள் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைத்தான் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியதை எல்லாரும் போன் வைத்துப் படம் பிடித்தோம். அந்த வாரம்கூடப் பாலத்து மேல் நின்று ஒருவர் "தண்ணி இல்லாத ஆறு" என்று ஆரம்பித்தார், பக்கத்தில் நின்றவர் மீதியை முடித்தார். ஊர் மாறினாலும் வரி அப்படியே நிற்கிறது. எப்படி நிற்கிறது என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

நீர்முள்ளி, காட்பாடி

கதை எழுதுகிறவருக்குக் கவிதை அந்நியம் என்று நினைக்க வேண்டாம். நம் அகப்பாட்டு, அதாவது சங்க காலத்துக் காதல் பாட்டு, ஒவ்வொன்றும் ஒரு கதையின் நடுவிலிருந்து பிய்த்து எடுத்த பேச்சுதான். குறுந்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுள் வாழ்த்தை விட்டால் 401 பாட்டு, பெரும்பாலும் நாலடியிலிருந்து எட்டடிக்குள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு இருக்கும்: தலைவன் பிரிந்தபோது தலைவி தோழிக்குச் சொன்னது, வரைவு (கல்யாணம்) நீட்டித்தபோது தோழி சொன்னது, இப்படி. யார், யாரிடம், எப்போது. ஒரு சிறுகதைக்கு வேண்டிய மூட்டை முடிச்சு முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. அது பாட்டில் சேராது, பின்னால் வந்தவர்கள் எழுதி வைத்தது. பாட்டு அந்த மூட்டையைச் சுமக்காமல் கையை வீசிக்கொண்டு நடக்கிறது.

உங்கள் கவிதை அந்தச் சுமையைத்தான் தூக்கிக்கொண்டு திண்டாடுகிறது. நாற்பது ஆண்டு, நெசவாளி, கனவு, நேற்று, இன்று காலை எல்லாவற்றையும் உள்ளேயே சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஒரு காரியம் செய்து பாருங்கள். பழைய கூற்றுக் குறிப்பு மாதிரி ஒரு வரி எழுதித் தலைப்பாக வையுங்கள். "தறி விற்ற வீட்டில் மகள் சொன்னது" என்கிற மாதிரி. அது உங்களுக்குள் இருக்கிற கதைக்காரிக்குக் கொடுத்த இடம். அதற்குக் கீழே அவருக்கு வேலை இல்லை.

அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியமே சொல்கிறது. நீங்களும் பெயர் வைக்கவில்லை, தெரிந்து செய்தீர்களோ தெரியாமலோ, நல்ல காரியம்.

வரி உடைப்புக்கு வருகிறேன். தமிழில் வினை கடைசியில் வருகிறது. "குழி இருந்த இடத்தை" என்று உடைத்தால், இடத்தை என்ன செய்தார் என்று படிக்கிறவர் அரைக் கணம் காத்திருப்பார். மிதித்தாரா, தொட்டாரா, பார்த்தாரா? அந்த அரைக் கணத்துக்காகத்தான் அங்கே உடைக்கிறோம். உங்கள் பதினொரு வரியில் அந்த ஒரு இடம்தான் உண்மையில் உடைந்திருக்கிறது. மற்றதெல்லாம் தாளின் அகலம்.

ஒரு கேள்வி. வீட்டில் அவரைத் தந்தை என்றா கூப்பிடுகிறீர்கள்?

தார்க்குச்சி

பஸ்ஸில் வரும்போது ஒட்டிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. மாதனூர் தாண்டுவதற்குள் மானம் போய்விட்டது.

தந்தை என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நைனாதான். கதையில் நைனா என்றுதான் எழுதுவேன், யோசிக்கவே மாட்டேன். கவிதை என்றதும் கை தானாகத் தந்தை என்று எழுதிவிட்டது. கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுகிற மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன் போல. ஒரு பயமும் உண்டு. நைனா என்றால் நமக்கு அப்பா. தெற்கே அது சினிமாவில் சிரிப்புக்குப் போடுகிற சொல். கதையில் இரண்டு பக்கம் போனால் காது பழகிவிடும். ஆறேழு வரியில் பழகுமா?

ஆரணி வாத்தியார்

அம்மா, நான் 33 வருடம் தமிழ் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டிலும் தறி உண்டு, பட்டுத்தறி. அதனால் இரட்டை உரிமையோடு எழுதுகிறேன்.

யாப்பு தெரியாமல் எழுதலாமா என்ற சண்டை, 1959ல் தொடங்கிய 'எழுத்து' இதழ்க் காலத்திலேயே போட்டு ஓய்ந்துவிட்டது. எழுதலாம். புதுக்கவிதைக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ந. பிச்சமூர்த்தியே பெரிய சிறுகதைக்காரர்தானே. ஆனால் எழுதத் தேவையில்லை என்பதற்காகக் காதுக்கும் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் சொற்களை அசை அசையாக, அதாவது ஓசைத் துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே எழுத்தாய் நின்றால் நேர், குறிலோடு இன்னொன்று இணைந்தால் நிரை, ஒற்று கணக்கில் இல்லை; இவை சேர்ந்த சீருக்குத் தேமா, கூவிளம் என்று பெயர். அதற்குப் புத்தகம் வேண்டாம், பஸ் நிலையம் போதும்.

வேலூர்: வே, லூர். நேர் நேர். தேமா. ஆரணி: ஆ, ரணி. நேர் நிரை. கூவிளம். திருவலம்: திரு, வலம். நிரை நிரை. கருவிளம். உங்கள் குடியாத்தம்: குடி, யாத், தம். நிரை நேர் நேர். புளிமாங்காய். வெண்பாவுக்குத் தளை தெரியுமல்லவா? மாச்சீரில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும், விளத்திலோ காயிலோ முடிந்தால் நேரில். இப்போது இதைச் சத்தமாகப் படியுங்கள்:

குடியாத்தம் ஆரணி வேலூர் திருவலம்

தளை தட்டாத சுத்தமான வெண்பா அடி. இந்த வரிசையில் எந்த பஸ்ஸும் போகாது, அது வேறு விஷயம். வகுப்பில் வருடா வருடம் இதைத்தான் எழுதிப் போடுவேன். இலக்கணம் என்றதும் தூங்குகிற கடைசி பெஞ்ச்கூடத் தன் ஊர் என்ன சீர் என்று கேட்கும். வாணியம்பாடிப் பையன் ஒருவனுக்கு மட்டும் வருத்தம். வா, ணியம், பா, டி என்று நாலசை வந்துவிடும், வெண்பாவுக்குள் விட மாட்டோம்.

நைனா: நை, னா. தேமா. தந்தை: தந், தை. அதுவும் தேமா. ஓசையில் ஒரு காசு வித்தியாசம் இல்லை. ஆகவே ஓசைக்காகத் தந்தை என்று போட்டேன் என்று தப்பிக்க முடியாது. தெற்கத்தியான் சிரித்தால் முதல் தடவை சிரிக்கட்டும்.

இன்னொன்று. "குழி இருந்த இடத்தைச்" என்று வரி முடிவில் ஒரு ச் தொங்குகிறதே, பார்த்தீர்களா? மரபுப் பாட்டில் சீர்க் கணக்கு அடியை முடிக்கிறது, அங்கே ஒற்று தொங்கினால் கேள்வி இல்லை. உங்கள் வரியை முடித்தது நீங்கள். நிற்கிறேன் என்று முடித்துவிட்டு ச் என்று ஒரு காலை அடுத்த வரியில் வைத்தால் எப்படி? நிற்பதென்றால் ஒற்றை எடுங்கள். ஒற்று வேண்டுமென்றால் உடைக்காதீர்கள். நீர்முள்ளி அந்த இடத்தைப் புகழ்ந்தார். எழுதிக் காட்டும்போது அவரே ச் இல்லாமல்தான் எழுதினார், கவனித்தீர்களா?

பின்பாட்டு, செய்யாறு பக்கம்

நான் கவிஞன் இல்லைங்க. எங்கள் ஊர்ப் பக்கம் திரௌபதியம்மன் கோயில் பாரதம் நடக்கும்போது கூத்தில் பின்பாட்டுக்கு நிற்பவன். மற்ற நாளில் டிராக்டர் ஓட்டுகிறேன். கதையெல்லாம் விரும்பிப் படிப்பேன், அதனால்தான் இங்கே வந்தேன்.

உங்கள் கடைசி இரண்டு வரியைப் பார்த்ததும் கட்டியக்காரன் ஞாபகம் வந்தான். ராஜா வந்து பாடிவிட்டுப் போனதும், ராஜா என்ன சொன்னார் என்று கட்டியக்காரன் சனங்களுக்கு எடுத்துச் சொல்லுவான். கூத்தில் அவன் வேண்டும். விடிய விடிய நடக்கிற ஆட்டம், பாதிப் பேர் தூங்கி எழுந்திருப்பார்கள். உங்கள் கவிதையைத் தூங்கி எழுந்து யாரும் படிக்கப்போவதில்லை. கட்டியக்காரனை இறக்கிவிடுங்கள்.

எங்கள் வேலை என்னவென்றால், வேஷக்காரர் ஒரு அடி பாடினால் நாங்கள் பின்னாலிருந்து அதைத் திருப்பிப் பாடுவோம். அவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். பல வருடத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன், சில வரி திருப்பிப் பாட நன்றாக இருக்கும், சிலது நாக்கில் ஒட்டாது. உங்களுடையதைச் சத்தம் போட்டுப் படித்தேன், டிராக்டரில் உட்கார்ந்துதான். திருப்பிப் பாட எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. "சுற்றிக்கொண்டு நடந்தார்" கிட்டத்தில் வருகிறது. ஆனால் அங்கேயும் "நடந்தார்" சப்பென்று இருக்கிறது. அவர் போவார், வருவார் இல்லையா? தண்ணி குடிக்கப் போனவர் திரும்பி வர வேண்டுமே. அதையும் சுற்றிக்கொண்டுதானே வருவார்?

தறிக்காரர் வீட்டுப் பெண் தாளத்துக்குப் பயப்படுவது எனக்கு ஆச்சரியம். கால் மிதிக்கும், நாடா ஓடும், அச்சு வந்து அடிக்கும். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டுத் தூங்கினவர் நீங்கள்.

தார்க்குச்சி

நாலு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். மாதக் கடைசி, சம்பளக் கணக்கு.

பின்பாட்டு அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது சுவரோரம் போனார். வரும்போது கையில் செம்பு, அதே சுவரோரம் வந்தார். இத்தனை நாளும் போவதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கதைக்குப் போவது போதும், போனவர் எங்கே போனார் என்று அடுத்த பத்திக்குத் தாவிவிடுவேன். வருவதை யாரும் எழுதுவதில்லை.

வாத்தியார் ஐயா, பஸ் நிலையத்தில் நின்று போர்டு எல்லாம் பிரித்தேன். ஆம்பூர் தேமா. பேரணாம்பட்டு நாலசை, வாணியம்பாடிக்குத் துணை கிடைத்துவிட்டது. பள்ளிகொண்டாவும் பள், ளி, கொண், டா என்று நாலாகத்தான் வருகிறது. பக்கத்தில் நின்ற அம்மா நான் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்து, ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்.

மாற்றி எழுதியது இது. பதினொன்று ஆறாகிவிட்டது.

தறி விற்ற வீட்டில் மகள் சொன்னது

குழி மூடியாச்சு.
காய மூன்று நாள் என்றார் கொத்தனார்.
நாலாம் நாள்
தண்ணி குடிக்க எழுந்த நைனா
சுவரோரமாய்ப் போனார்
சுவரோரமாய் வந்தார்.

"சுற்றிக்கொண்டு" போய்விட்டது. அதை எடுக்கத்தான் கை வரவில்லை, இரண்டு நாள் வைத்து வைத்துப் பார்த்தேன். சுவரோரம் என்றால் நடுவில் எதையோ விட்டுப் போகிறார் என்று வந்துவிடுகிறது இல்லையா? வராவிட்டால் சொல்லுங்கள், திரும்பச் சேர்த்துவிடுகிறேன். விறகுக் கடைக்காரர், 3,200 ரூபாய், அச்சு, நாடா எதுவும் இதில் இல்லை. அது கொஞ்சம் வலிக்கிறது.

ஆரணி வாத்தியார்

முதலில் பள்ளிகொண்டா. "ளி"யும் குறில், "கொ"வும் குறில். இரண்டும் இணைந்து, பின்னால் ஒற்றும் சேர்ந்து, "ளிகொண்" ஒரே நிரையசை. பள், ளிகொண், டா. கூவிளங்காய். ஆகவே உள்ளே விடலாம். பேரணாம்பட்டுக்கு வழி இல்லை.

கவிதைக்கு வருகிறேன். வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று நாலு வாய்ப்பாடு. உங்கள் மூன்றாம் வரி "நாள்" என்றே முடிந்து நிற்கிறது. தெரிந்து செய்தீர்களா? நாலாம், நாள், அடுத்த வரிக் கடைசியில் நைனா. காதில் விழுகிறது. இதைத்தான் ஒரு மாதம் பயிற்சி செய்யச் சொன்னேன், நீங்கள் நாலு நாளில் வந்து நிற்கிறீர்கள்.

சுவரோரமாய்ப் போனார் என்பதில் ப் சரியான இடத்தில், வரிக்கு உள்ளே இருக்கிறது.

சத்துவாச்சாரிக்காரன்

ஒட்டிப் பார்த்தேன். இப்போது குறைகிறது அக்கா. "சுவரோரமாய்ப் போனார் சுவரோரமாய் வந்தார்" என்று ஒரே மூச்சில் படித்தால் அவர் ஓடிப் போய் ஓடி வருகிற மாதிரி இருக்கிறது. இரண்டு வரியாக இருந்தால் நடுவில் தண்ணீர் குடிக்கிறார்.

ஒரே குறை: "என்றார் கொத்தனார்". அது கதை. "காய மூன்று நாள்" என்று விட்டால் போதாதா?

நீர்முள்ளி, காட்பாடி

கொத்தனார் இருக்கட்டும் என்பேன். அந்த வீட்டில் அந்தக் குழியைச் சும்மா ஒரு குழியாகப் பார்த்த ஆள் அவர் ஒருவர்தான். அவருக்கு அது சிமென்ட், காய வேண்டும், நாள் கணக்கு. அவர் போய்விட்டால் மூன்று நாள் என்று சொல்வது மகள் ஆகிவிடும், மகள் அப்படிச் சொல்ல மாட்டாள்.

எனக்குக் கொஞ்சம் இடறுவது "மூடியாச்சு". மற்ற வினையெல்லாம் எழுத்து நடையில் இருக்க, அது ஒன்று மட்டும் பேச்சு. ஆனால் "மூடிவிட்டோம்" என்றால் யார் மூடினோம் என்று நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். "மூடியாச்சு" என்பதில் யாரும் இல்லை. வீட்டில் இந்த மாதிரி வேலை முடிந்தால் அப்படித்தான் சொல்வோம், யார் செய்தது என்று சொல்லாமல். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் எண்ணம் மாறிவிட்டது. அப்படியே விடுங்கள்.

3,200 ரூபாயும் அச்சும் நாடாவும் வெளியே நிற்பது வலிக்கிறது என்றீர்கள். அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். அவர் கொடுக்காமல் வைத்துக்கொண்ட நாடா இன்னொரு கவிதை. விறகுக் கடைக்காரர், என்னைக் கேட்டால், கதைக்குத்தான் லாயக்கு.

பின்பாட்டு, செய்யாறு பக்கம்

கடைசி இரண்டு வரி கிடைத்துவிட்டதுங்க. ராத்திரி வேலை முடிந்து வரும்போது பாடிக்கூடப் பார்த்தேன். ஒருவர் "போனார்" வரை எடுத்தால் பின்னால் நாங்கள் "வந்தார்" எடுக்கலாம்.

தார்க்குச்சி

எல்லாருக்கும் நன்றி. கொத்தனாரை வைத்துக்கொள்கிறேன். தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

நேற்று ராத்திரி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். என் கதை எதையும் அம்மா முழுதாகக் கேட்டதில்லை, பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். இது ஆறு வரிதானே, கேட்டார். கேட்டுவிட்டு, "கொத்தனார் ரெண்டு நாள்னுதானே சொன்னாரு, மூணுன்னு ஏன் எழுதினே?" என்றார்.

எனக்கு அதுவரை தெரியாது. நிஜமாகவே மூன்று என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு என்று மாற்றினால் நாலாம் நாள் மூன்றாம் நாள் ஆக வேண்டும், வாத்தியார் காதில் விழுந்ததாகச் சொன்ன நாலாமும் நாளும் பிரிந்துவிடும். கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு நாள் கூட்டி எழுதுவது உறுத்தத்தான் செய்கிறது. கதையில் அண்ணனையே இல்லாத ஊரிலிருந்து வரவழைத்தபோது இப்படி உறுத்தவில்லை. சத்துவாச்சாரித் தம்பி சொன்ன கோயிலையும் ஆற்றையும் நினைத்துக்கொண்டேன். மூன்றாகவே விட்டிருக்கிறேன்.

மெதுவாகத்தான் படித்தேன். நைனா வெளியே திண்ணையில் இருந்தார், தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். அம்மா கேட்டதும் அங்கிருந்தே, "ரெண்டு நாளுதான்" என்றார்.